வாசல் ஆணியில் தொங்கிய வில்லை

"எந்த நாள்லேருந்து எண்ணணும், தாயே?"

கயிற்றுச்சாலைத் தொழிலாளி வடிவி சென்ற ஆண்டு நம் மன்றப் படியில் நின்று கேட்ட இக்கேள்வியை முன்வைத்து, வெண்குன்ற நாட்டுப் பணிவழக்கு மன்ற நடுவர் செங்கோதை, ஆழிமுனைத் துறை காக்கும் தலைவர் கீரனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் கலங்கள் பழுதின்றி அணைக. தங்கள் குடி தழைக்க.

அரசர் கப்பலுக்குக் கயிறு திரிக்க வந்த நார் மக்கியது என்று சொன்னதற்காகக் கண்காணி மாசாத்தன் வடிவியை நீக்கினான். ஆயினும் அவள் பெயர் பொறித்த மர வில்லையை வாசல் ஆணியிலேயே விட்டுவைத்தான். வில்லை தொங்கும்வரை வேலை உண்டு என்பது சாலையாரின் நம்பிக்கை. சினம் ஆறட்டும், பார்க்கலாம் என்று அவன் கூறிவர, அவள் நாள்தோறும் வில்லையைக் கண்டு திரும்பினாள். முறையிடத் தொண்ணூறு நாளே தவணை. எண்பதாம் நாள் அவள் நம்மைக் கேட்டாள். நடுவர் ஒரு பக்கத்தாருக்கு வழி சொல்லலாகாது என்ற மரபுக்கு அஞ்சி நாம் வாய் திறக்கவில்லை. தொண்ணூற்றொன்றாம் நாள் வில்லை கழற்றப்பட்டது. அன்றே அவள் ஓடிவந்தாள். தவணை கடந்ததென வழக்கைத் தள்ளியது நம் கை.

ஆதலால் தொழிற்சாலை வாசல்தோறும் பறையறைந்து சொல்லுக: வரவேண்டாம் என்ற சொல் காதில் விழுந்த நாளே முதல் நாள், வில்லையைப் பார்க்க வேண்டாம். கண்காணியிடம் மன்றாடுவோர் மன்றாடலாம், ஆனால் அதனால் நாள் நிற்காது. முதலில் ஊர்ச் சமரசரிடம் செல்க. அவர் பேசிப்பார்க்கும் நாட்கள் மட்டுமே தவணையில் சேரா. இணங்காவிடில் அவர் முத்திரைச் சீட்டோடு மன்றம் வருக. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுக. வசை வேண்டாம், வசை வழக்கை மெலிவிக்கும். கேள்விப்பட்டவர் பத்துப் பேரினும் கண்டவர் ஒருவர் மேல். மீண்டும் வேலையா, நற்சான்றா, வேண்டுவது எதுவென முதல் வரியிலேயே சொல்லுக. சாட்சி சொன்னவரை நீக்குவோர் மன்றத்தின் பகைவர்.

இதை மறைக்கும் கண்காணி எவனோ, அவன் வில்லை முதலில் இறங்கும். இது அரசர் ஒப்பிய ஆணை. மீன்கொத்தி முத்திரை சாட்சி.

முடிச்சில் செருகிய சிறு ஓலை நறுக்கு:

ஓலை கட்டும் கயிற்றை, இப்போது சந்தையில் கயிறு விற்கும் வடிவியே கொணர்ந்தாள். ஓலையைப் படித்துக் காட்டினோம். தன் வழக்குக்கும் இது பொருந்துமோ என வினவினாள். முடிந்த தீர்ப்பைத் திறக்க நமக்கு அதிகாரமில்லை என்றோம். அவள் நம் கையிலிருந்து ஓலையை வாங்கி, கயிற்றைச் சுற்றி, முடிச்சை இறுக்கினாள். முத்திரையிட அரக்கு உருகுமுன் படியிறங்கிப் போனாள்.