வாயைத் திறக்கக் கூடாத ஆறு நிமிடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் இடது காலில் பலம் கூடியிருக்கிறதா?

உங்களைப் போலப் பக்கவாதம் வந்தவர்கள் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளப்பதுதான் இங்கே மருத்துவமனை ஆய்வில் என் வேலை. உற்சாகப்படுத்தினால் அளவு கூடிவிடும் என்று எங்களை வாயைத் திறக்க விடமாட்டார்கள். நேற்று ஒரு தையல்காரர் தள்ளாடியதும், "அப்பா, விடாதீங்க!" என்று கத்திவிட்டேன். அந்த அளவு செல்லாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையல்காரரோ சிரித்தார். "நாளைக்கும் நடக்கறேன். நீ வாயைத் தச்சுக்கிட்டு வாம்மா."

இன்று நேற்றைவிடப் பதினோரு மீட்டர் அதிகம் நடந்தார். நான் மூச்சுகூட விடவில்லை.

நீங்களும் கூடத்தில் ஆறு நிமிடம் நடந்து, எத்தனை சுற்று என்று எழுதுங்கள். அடுத்தவர் வந்துவிட்டார். ஒன்று மட்டும்: நீங்கள் நடக்கும்போது அம்மா நன்றாகக் கத்தட்டும், என் பங்குக்கும் சேர்த்து.

உங்கள் மகள்