மல்லிகாவிடம் சொன்னவை

ஐப்பசி 14, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இடுப்பளவு தண்ணீர், பம்பு ஓடவில்லை, வேலை இல்லை. இது உரக்கடையில் கொடுத்த போன வருஷத்து டைரி. கிழமை எதுவும் ஒத்து வராது. அடித்துவிட்டு நானே தமிழ்த் தேதி போடுகிறேன். ஏழாவதோடு நின்றவன் கையெழுத்து என்றால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். சுரங்க ஆபீசில் மூன்று கிளார்க்குகள், மூன்று பேருக்கும் கோழி கிளறின மாதிரிதான் வரும்.

டைரி எதற்கு என்றால், சொன்னதை எழுதி வைக்க. தங்கச்சி ராசாத்தியின் மகள் மல்லிகா, எட்டு வயது, பொல்லாத ஞாபகசக்தி. புலியைக் கம்பால் அடித்தேன் என்றேனாம். முந்தி சொன்னபோது கல்லாலாம். "மாமா, புலி ரெண்டா, பொய் ரெண்டா?" என்கிறாள். இனிமேல் மாட்டக் கூடாது.

மல்லிகாவிடம் (இனி ம.) இதுவரை சொன்னது:
புலி. கல்லால். ஆண்டிமடம் முந்திரிக்காட்டில்.
நான் வெடி வைத்தால் பெரம்பலூர் வரை அதிரும். (வெடி வைப்பவர் வேறு ஆள். நான் சிவப்புக்கொடி காட்டி ஆளை விரட்டுபவன். அதுவும் லேசுப்பட்ட வேலை இல்லை.)
ரயில் டிரைவர் அரியலூர் தாண்டும்போது எனக்காக ஒரு ஊதல் கூடுதலாக ஊதுவார்.
காதுகுத்துக்கு வெள்ளைக் குதிரை.

ராசாத்தியிடம் சொன்னது: ஆறு மாசம். இதை அப்புறம்.

ஐப்பசி 15, செவ்வாய்

மழை விடவில்லை. சட்டை காயவில்லை. ஓட்டலில் இட்லி கல்.

அப்புறம் என்றதை எழுதிவிடுகிறேன். ஆனி மாதக் கடைசி, திருச்சி ஆஸ்பத்திரி. ம.வுக்கு விடாத காய்ச்சல், தொட்ட இடமெல்லாம் நீலத் திட்டு. டாக்டர் கூப்பிட்டதும் மச்சான் தங்கவேல் என்னைப் பார்த்தார், ராசாத்தியும் என்னைப் பார்த்தாள். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று பத்து வருஷமாக நான் சொல்லி வைத்திருந்தது. போனேன். டாக்டர் தமிழில்தான் பேசினார். ரத்தத்தில் புற்று. மாத்திரை, ஊசி, ரத்தம் ஏற்றித் தள்ளிப் போடலாம், தீர்க்க முடியாது. "ஆறு மாசம். அதுவே அதிகம்."

வெளியே வந்தால் ராசாத்தி, கையில் காலித் தூக்குவாளி. "என்னண்ணே சொன்னாரு?" "ஆறு மாசம்னாரு." அதுவரை உண்மை. அதற்கு மேல் வாய் தானாக ஓடியது. "ஆறு மாசத்துல புள்ள ஆளே மாறிடும்னு என் கையப் புடிச்சுச் சொன்னாரு."

அங்கேயே விரல் விட்டு எண்ணினாள். "மார்கழியோட முடியுது. தை பொறந்ததும் காது குத்திடலாம்ணே."

இன்னும் யாருக்கும் தெரியாது. மச்சானுக்கும்.

ஐப்பசி 20, ஞாயிறு

அரியலூரிலிருந்து எட்டு மணி பஸ், குன்னத்தில் இறங்கி ராசாத்தி ஊருக்கு நடை. செருப்பு அறுந்தது. கரிசல் சேறு, காலை விட்டால் எடுக்க முடியாது. ம.வுக்குச் சாத்துக்குடி, மச்சானுக்குச் சுருட்டு.

மச்சான் வெங்காயக் காட்டில் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார். பாதி அழுகல்.

ம. கயிற்றுக்கட்டிலில். மாத்திரையில் முகம் மட்டும் பூரித்து உப்பல், கை கால் குச்சி. தலைமுடி முழுக்கப் போய்விட்டது, மேலே மஞ்சள் துண்டு. "மொட்ட போடற வேல மிச்சம் மாமா. சாமியே எடுத்துக்கிச்சு" என்கிறாள். எனக்கு இதைவிட நன்றாக வராது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். போகும்போது ஒருத்தி வாசலில்: "மொட்டத்தலையும் மூளிக்காதும், பையனாட்டம் இருக்காடீ." உள்ளே கேட்டது. ம. துண்டைக் காது மறைய இழுத்து விட்டுக்கொண்டாள். எட்டு வயதுப் பெண்ணுக்குக் காது மூளியாக இருப்பது ஊரில் இவளுக்கு மட்டும்தான்.

காரணம் நான். ஒரு வயதில் குத்த வேண்டியது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். நான் வெள்ளைக் குதிரை, இரட்டை மேளம், ஊர் பார்க்கச் சீர்த்தட்டு என்று சொல்லி வைத்தேன். இந்த வருஷம் இல்லை அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று ஏழு வருஷம்.

"இந்த மாசமே குத்திடலாமா?" என்றேன்.

ராசாத்தி: "இப்ப என்னண்ணே அவசரம்? ஆறு மாசம் முடியட்டும், புள்ள தெளியட்டும்."

ம.: "தையில குதிர வருமா மாமா?"

"காரைக்கால்லேர்ந்து கப்பல்ல வருது."

ராசாத்தி: "ஒங்க மாமா சொல்றதுல பாதிய வச்சுக்க, பாதிய வாசல்ல கொட்டிட்டு வா."

(குதிரை — காரைக்கால், கப்பல். குறித்துக்கொள்.)

ஐப்பசி 22, செவ்வாய்

திருச்சி. ரத்தம் ஏற்றினார்கள். மூன்றாவது தடவை. என் ரத்தம் பொருந்துகிறது. இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன், ஒன்று போதும் என்று நர்ஸ் அதட்டினாள். டீயும் பன்னும். தலை சுற்றவில்லை. (கொஞ்சம் சுற்றியது.)

பஸ்ஸில் ம. பக்கத்து சீட் அம்மாளிடம்: "எங்க மாமாவுக்கு எட்டுப் பாட்டில் எடுத்தாங்க. அப்பறமும் ஓடிவந்து பஸ் ஏறுனாரு." அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

ராசாத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒன் ரத்தம் ஏறுனதுலேர்ந்து இவளும் புளுக ஆரம்பிச்சுட்டாண்ணே." சிரித்தாள். ஆனிக்குப் பிறகு இன்றுதான் சிரித்துப் பார்த்தேன்.

டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். காது குத்தலாமா என்றேன். ஊசி பட்டால் ரத்தம் நிற்காது, கூடவே கூடாது என்றார். தை வரைக்கும், என்று ஆரம்பித்தேன். அவர் குனிந்து சீட்டு எழுதினார்.

ஐப்பசி 27, ஞாயிறு

வெயில். ஊருக்குப் போனேன். ஊசிக்கு என்ன வழி என்பது அப்புறம், முதலில் தேதியைத் தைக்கு முன்னால் இழுக்க வேண்டும். வழி நெடுகக் கதை கட்டிக்கொண்டே போனேன். ஜோசியர் தை ஆகாது என்றார். சரிப்படவில்லை. காது குத்துகிற ஆசாரி தையில் காசிக்குப் போகிறார். அதுவும் இல்லை.

ராசாத்தி முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். ம. தூக்கம். மச்சான் சந்தைக்குப் போயிருந்தார்.

"ராசாத்தி, காதுகுத்த கார்த்திகையிலயே வச்சுக்கலாம்."

"ஏன்?"

ஜோசியர் என்று வாயெடுத்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணே. அந்த ஆறு மாசம், எந்த ஆறு மாசம்?"

சொன்னேன். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன், ஒன்று கூட்டவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு சின்னதாக நான் எதையும் சொன்னதில்லை.

கொஞ்சநேரம் கேழ்வரகில் கல் பொறுக்கினாள். பிறகு: "நீ சொல்றதுல பாதிதான் எடுத்துக்கறது வழக்கம். முழுசா நல்லாயிடுவான்னு நானும் நெனைக்கல. பாதியாச்சும் நல்லாயிடுவான்னு நெனச்சேன்ணே."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எழுந்து போய் உலையில் மாவைக் கொட்டினாள். கட்டி தட்டாமல் கிண்டினாள். சாயங்காலம் மச்சானிடம் அவளே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். எனக்கும் களி போட்டாள். சாப்பிட்டேன்.

கார்த்திகை 2, வெள்ளி

தூறல். சம்பளப் பட்டியலில் என் பெயர் தப்பு.

ஆசாரியிடம் போனேன். சங்கதியைச் சொன்னேன், ஊசி கூடாது என்பதையும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு: "கூத்துக் கட்டுறவங்களுக்கு அமுக்குத் தோடு அடிச்சிருக்கேன். ஓட்ட வேணாம், காத கவ்விக்கும். சின்னதா, வலிக்காம செய்யறேன். சபையில ஊசிய நான் புடிக்கிற மாதிரி புடிக்கிறேன். பாப்பா அழுவணுமே?"

"அத அவ பாத்துக்குவா" என்றேன்.

உண்மை ராசாத்திக்கும் மச்சானுக்கும் மட்டும். ஊரில் பெரியவர்கள் கேட்டால்: குத்தியாயிற்று. அவ்வளவுதான்.

கார்த்திகை 10, சனி

சீர் சாமான்: பட்டுப் பாவாடை, வளையல், சந்தனம், கற்கண்டு, பழம், பச்சரிசி, வெல்லம். மேளம் ஒன்றுதான், இரட்டை கிடைக்கவில்லை.

குதிரை. அரியலூர் ஸ்டேஷன் ஜட்கா குதிரை, வண்டிக்காரர் முன்கூட்டியே நடத்திக் கூட்டிப் போய்விட்டார். செம்பழுப்பு நிறம். சுரங்கத்திலிருந்து இரண்டு மூட்டை வெள்ளைத் தூள் எடுத்து வைத்திருக்கிறேன். வண்டிக்காரர், "இது குதிரைங்க, சொவரு இல்லீங்க" என்றார்.

கார்த்திகை 11, ஞாயிறு

பூசினோம். பால் மாதிரி வெள்ளை. ஊரே வாய் பிளந்தது. மேளத்தோடு தெருமுனை திரும்பினோம், பிடித்தது மழை. வாசலுக்கு வருவதற்குள் குதிரை பாதி வெள்ளை, பாதி செம்பழுப்பு, கால் நான்கும் கஞ்சி ஒழுகுகிற மாதிரி. மச்சான் சிரித்தார். அவருக்கு விஷயம் தெரிந்தபிறகு இன்றுதான் முகம் பார்க்கிறேன். சிரித்துக்கொண்டே வைக்கோல்போருக்குப் பின்னால் போய்விட்டார். வர நேரமானது.

ம.வைத் தூக்கிக் குதிரை மேல் மூச்சுவிடும் நேரம் உட்கார வைத்தேன். கனமே இல்லை. பிறகு என் மடி. தலையில் சந்தனம். அவளிடம் முன்னமே சொல்லியிருந்தேன், ஊசி படாது, ஆனால் அழ வேண்டும் என்று. "எவ்வளவு மாமா?" என்று கேட்டாள். "ஒன் இஷ்டம்."

ஆசாரி ஊசியை எடுத்தார். குனிந்து மறைத்தார். ம. போட்டாளே ஒரு கத்து, மேளக்காரர் நிறுத்திவிட்டார், குதிரை இரண்டடி பின்னால் போனது. கிழவிகள் "ஐயோ கண்ணு" என்று ஓடிவந்து வாயில் வெல்லத்தை அடைத்தார்கள். கண்ணில் நிஜத் தண்ணீர். என் கையை மட்டும் நறுக்கென்று கிள்ளினாள். இரண்டாவது காதுக்கு இன்னும் பலமான கத்து.

தோடு இரண்டும் சிவப்புக் கல். கண்ணாடி கேட்டாள். பார்த்தாள். துண்டை அவிழ்த்துத் தூரப் போட்டாள்.

கார்த்திகை 18, ஞாயிறு

பனி. ம. எழுந்திருக்கவில்லை. ஈறில் ரத்தம். கஞ்சி மட்டும். வலி மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இனித் திருச்சிக்குத் தூக்கி வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அந்த மூளிக்காது சொன்ன பெண் வந்திருந்தாள். ம. படுத்தபடியே: "ஊசி இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் வந்துச்சு. ஒரு சொம்பு ரத்தம். குதிர வெள்ளையாத்தான் வந்துச்சு, எனக்காகக் கலரு மாத்திக்கிச்சு." அந்தப் பெண் வாயில் விரலை வைத்தாள். போனபிறகு என்னிடம்: "எழுதிக்க மாமா. நீ மாத்திச் சொல்லிப்புட்டா நான்தான் மாட்டுவேன்."

எழுதினேன்: ரத்தம் ஒரு சொம்பு.

சுரங்கத்தில் கிடைத்த கல் சிப்பி ஒன்று கொண்டுபோயிருந்தேன். சுருள் சுருளாக, உள்ளங்கை அளவு. இந்த ஊரெல்லாம் ஒரு காலத்தில் கடல், நீ படுத்திருக்கிற இடத்தில் மீன் ஓடியது என்றேன். ஆபீசில் இன்ஜினியர் சொன்னது, நான் சேர்த்தது ஒன்றும் இல்லை.

ம. என்னையே பார்த்தாள். "புலி சரி மாமா. இது மட்டும் வேணாம்."

சத்தியம் செய்தேன். நம்பவில்லை. ஆனால் கல்லை வாங்கித் தோட்டில் இடிக்காமல் காதில் வைத்துக்கொண்டாள். "அலை சத்தம் கேக்குது" என்றாள். அது முழுக் கல், சத்தம் வர வழியில்லை. எழுதி வைத்தேன்.

மார்கழி 2, சனி

முதல் பஸ்ஸில் ஆள் வந்து சொன்னார். ஷிப்டை மாற்றிவிட்டு ஒன்பதரை பஸ். மழை இல்லை. போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டிப் பட்டுப் பாவாடை கட்டியிருந்தார்கள். விடியக்காலம் தண்ணீர் கேட்டாளாம், குடித்தாளாம், அவ்வளவுதான். மச்சான் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். சுருட்டு கொடுத்தேன், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

தூக்குகிற நேரம் பங்காளி வீட்டுப் பெரியவர்: "தோட்டக் கழட்டிடுங்க. மண்ணோட போவக் கூடாது."

ஒரு கிழவி கையை நீட்டினாள். தொட்டால் கையோடு வந்துவிடும். ஓட்டை இல்லாத காதை ஊரே பார்க்கும். எனக்கு ஒரு பொய்யும் வரவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

ராசாத்திதான் கிழவியின் கையைப் பிடித்தாள். புலம்பல் இல்லாத குரலில்: "தொடாதீங்க. குத்தி மூணு வாரந்தான் ஆவுது. புண்ணு இன்னும் ஆறல. இப்பக் கழட்டுனா வலிக்கும்."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். தோட்டோடு கொண்டுபோனோம்.

குறித்துக்கொள்: புண் ஆறவில்லை. ராசாத்தி சொன்னது. யார் கேட்டாலும் இதுதான், மாற்றிச் சொல்லக் கூடாது.