பத்துக்கு நாலு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பால் வாங்கப் போனேன். வரிசையில் முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள், பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் "நாலு மார்க் டீச்சர்" என்றாள். எனக்குக் கேட்காது என்று நினைப்பு. முப்பத்தாறு வருடம் கடைசி பெஞ்சுக் கிசுகிசுவைக் கேட்டுப் பழகிய காது இது.

டி.வி. போட்டியிலிருந்து வெளியே வந்து ஆறு நாள் ஆகிறது. நடந்ததை எனக்காக ஒருமுறை வரிசையாக எழுதிக்கொள்கிறேன். எட்டுப் பேர், ஒரே வீடு, எந்நேரமும் கேமரா. "ரிட்டயர் ஆகி சும்மா உக்காந்திருந்தா நோய்தான் வரும்மா" என்று மகள்தான் என் பெயரைக் கொடுத்தாள். வாரம் ஒரு வேலை. முடிந்ததும் ஒருவருக்கொருவர் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். எல்லோரும் எல்லோருக்கும் ஒன்பது, பத்து என்று போட்டுக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் கூடத்தைச் சுத்தம் செய்யும் முறை பாட்டுக்காரத் தம்பியுடையது. ஊரே செல்லம் கொஞ்சும் பிள்ளை. குப்பையை சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டு நடுக்கூடத்தில் நின்று பாடினான். நான் சோபாவை நகர்த்திப் பார்த்தேன். பத்துக்கு நாலு போட்டேன். நடுக்கூடத்துக்கு மூன்று, முயற்சிக்கு ஒன்று.

அவன் அழுதான். அந்த அழுகையை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் வயலின் வைத்து, மூன்று தடவை காட்டினார்களாம். அந்த வாரமே ஓட்டுப் போட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 5, புதன்

"ஃபோனைப் பார்க்காதேம்மா" என்றாள் மகள். பார்த்தேன். பரீட்சை அறையில் பக்கத்துத் தாளைப் பார்க்காதே என்றால் எந்தப் பிள்ளை பார்க்காமல் இருந்திருக்கிறது?

கிழவி, சூனியக்காரி, பொறாமைப் பிசாசு. ஒருவர் எனக்குப் பத்துக்குப் பூஜ்யம் போட்டிருந்தார். அதைப் பதினோராயிரம் பேர் ஆமோதித்திருந்தார்கள். எந்தக் குற்றத்துக்கு எத்தனை குறைத்தார் என்ற விவரம் இல்லை. வழிமுறை காட்டாத விடைக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

இன்னொருவர், ஏழாம் வகுப்பில் நான் தன்னை ஸ்கேலால் அடித்ததாகவும், தழும்பு இன்னும் இருப்பதாகவும் எழுதியிருந்தார். தாடி வைத்த முகம். நான் வேலை பார்த்தது கடைசிவரை பெண்கள் பள்ளியில். தழும்புப் படமும் போட்டிருந்தார். பாவம், யார் அடித்ததோ.

சிரித்துவிட்டு ஃபோனை வைத்தேன். பிறகு சமையலறையில் நின்றுகொண்டு, எதற்கு வந்தேன் என்று தெரியாமல், கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

மார்ச் 6, வியாழன்

இணையத்தில் எனக்கு எதிராக ஒரு குழு. உறுப்பினர்கள் பதினேழாயிரம். எங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு முந்நூறு நாற்காலி போட்டு, நூறைத் திருப்பி அனுப்புவோம்.

மார்ச் 8, சனி

இன்று நான் எடுக்கும் சனிக்கிழமைக் கணக்கு வகுப்பு. நூலகத்து மாடி அறையில் கால் வைத்ததும்தான் மூச்சு சீரானது. நாலு பேர், நாலு பேரும் வந்திருந்தார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் லிஃப்ட்காரர், மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இருக்கும் அம்மாள், பிஸ்கட் கம்பெனியில் பெட்டி அடுக்கும் அக்காவும் தங்கையும். பெரியவர்களுக்கான பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு ஏப்ரல் பத்தொன்பது. லிஃப்ட்காரர் மூன்று தடவை தோற்றவர். அந்தச் சான்றிதழ் இல்லாததால் பதினெட்டு வருடமாக உதவியாளர். அவரிடம் தொழில் கற்ற பையன்கள் இப்போது அவருக்கு மேலாளர்கள். வயது ஐம்பது. இந்தத் தடவையோடு பதவி உயர்வுக்கான வயது வரம்பும் முடிகிறது.

யாரும் டி.வி. பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. வட்டிக் கணக்கு போட்டோம். கிளம்பும்போது சலவை அம்மாள் மட்டும், "நானா இருந்தா ரெண்டுதான் போட்டிருப்பேன் டீச்சர்" என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

என் கணவருக்குப் புதிதாக ஒரு பொழுதுபோக்கு கிடைத்திருக்கிறது. காலைச் சாப்பாடு முடிந்ததும் ஃபோன், நோட்டு, இரண்டு பேனா. ஒற்றை விரலால் தட்டுகிறார். கேட்டால் "சும்மா, கொஞ்சம் கடிதப் போக்குவரத்து" என்கிறார். குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். பேனா பிடிக்காவிட்டால் அவருக்குக் கை அரிக்கும். நல்லது என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 15, சனி

வகுப்பு இல்லை.

நூலகர் வாசலிலேயே நின்றிருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், நல்ல மனிதர். கண்ணைப் பார்க்காமல் பேசினார். "இருநூத்தி நாப்பது மெயில் வந்திருக்கு டீச்சர். இப்படிப்பட்டவங்களுக்கு எப்படி இடம் குடுக்கலாம்னு. மேல இருந்து கேக்கறாங்க. சூடு ஆறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"தேர்வு பத்தொம்பதாம் தேதிங்க. அதுக்குள்ள ஆறிடுமா?"

 மெயில்களைக் காட்டினார். எனக்கு வியப்பாக இருந்தது. எல்லாவற்றிலும் வகுப்பின் கிழமை, நேரம், எந்தப் படிக்கட்டு, எந்த அறை, எல்லாம் பிசகாமல் இருந்தன. இவ்வளவு திருத்தமாக யார் எழுதிக் கொடுத்திருப்பார்கள்?

நாலு பேரும் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்காரர் நோட்டை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

மார்ச் 16, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். இவர்தான்.

இவர் குளிக்கப் போயிருந்தபோது நோட்டைத் திறந்தேன். தப்புதான். வரிசை எண், புகார்தாரர் பெயர், புகாரின் சுருக்கம், பதில் அனுப்பிய தேதி, நிலுவை. என்னைத் திட்டிய ஒவ்வொருவருக்கும் இவர் பதில் போட்டிருக்கிறார். இன்றுவரை நானூற்றுப் பன்னிரண்டு. "தங்கள் பதிவு கிடைக்கப்பெற்றது. தங்கள் ஆதங்கம் கவனத்தில் கொள்ளப்பட்டது." வரிசை எண் 212-ல் விரல் வைத்து இரண்டு தடவை படித்தேன். "இந்தக் கிழவியால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று எவரோ கேட்டிருக்கிறார். அதற்கு இவர், எல்லோரும் படிக்கும்படி, என் இலவச வகுப்பின் கிழமை, நேரம், முகவரி, அறை எண் எல்லாம் எழுதி, "தாங்கள் நேரில் வந்து உறுதி செய்துகொள்ளலாம்" என்று முடித்திருக்கிறார்.

தலை துவட்டிக்கொண்டே வந்தார். நோட்டு என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லணும்ல? பதில் போகலைன்னாதான் புகார் பெருசாகும். முப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன்."

"இது தண்ணி வரலைங்கிற புகாரா? வகுப்பையே மூட வச்சுட்டீங்களே."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். துண்டு தோளிலிருந்து விழுந்தது, எடுக்கவில்லை. "உன்னைப் பிரயோஜனமில்லாதவள்னு எழுதிட்டானே… எப்படிச் சும்மா விடறது?" என்றார்.

கத்தலாம் என்று இருந்தேன். காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நிலுவை இன்னும் எழுபத்தெட்டு இருக்கு" என்றார். நோட்டைப் பிடுங்கி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஃபோனில் வகுப்பு எடுத்துப் பார்த்தேன். முக்கோணம் வரையச் சொன்னால் லிஃப்ட்காரர், "வரைஞ்சுட்டேன் டீச்சர், பாருங்க" என்கிறார். ஃபோன் அவர் காதில் இருக்கிறது. பின்னால் லிஃப்ட் மணி. அரை மணி நேரத்தில் ஒரு கணக்கு, அதுவும் தப்பு. வீட்டுக்குக் கூப்பிடலாம் என்றால், வாடகை வீட்டின் சொந்தக்காரர் போன வாரமே சொல்லிவிட்டார்: கேட்டுக்கு வெளியே நின்று படமெடுக்கிறார்கள், வெளியாள் யாரையும் உள்ளே விட முடியாது.

மாலை டி.வி.யிலிருந்து ஒரு பெண் பேசினாள். இறுதி நிகழ்ச்சிக்கு எல்லோரும் வருகிறார்களாம். "மேம், ஸ்டேஜ்ல தம்பிக்குப் பத்து குடுத்துருங்க. ஒரு ஹக். அவ்வளவுதான். மறுநாளே எல்லாம் மாறிடும், நான் கேரண்டி."

நூலகரிடம் சொன்னேன். "அப்படி நடந்தா நாளைக்கே ரூமைத் திறந்துடலாம் டீச்சர்" என்றார். பாவி மனிதர், குரலில் அத்தனை நிம்மதி.

ஒரு மதிப்பெண்தானே? வாயால் சொல்வதுதானே? லிஃப்ட்காரருக்கு இன்னும் நாலே சனிக்கிழமை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன சொல்லப்போகிறேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்

பதிவு முடிந்து வந்தேன். முகத்தில் பூசியது மூன்று சோப்புக்கும் போகவில்லை.

ஒப்பனை அறையில் பாட்டுக்காரத் தம்பி பக்கத்து நாற்காலி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "டீச்சர், நான் இன்னிக்கு ரெண்டு தடவ அழணும். ஒண்ணு உங்களைப் பார்த்து. மனசுல வச்சுக்காதீங்க."

"சாப்பிட்டியாப்பா?"

"சாப்பிட்டா அழுகை வராது டீச்சர். முடிச்சுட்டுதான்."

பையில் இருந்த வாழைப்பழத்தைக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டான். இவன்மேல் எனக்கு என்ன கோபம்? அன்றைக்கும் இல்லை.

மேடையில் தொகுப்பாளர் கேட்டார்: "டீச்சர், இன்னிக்குக் கேட்டா என்ன மார்க் குடுப்பீங்க?" பத்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. விடைத்தாளில் மறுமதிப்பீடு கேட்டால் அதே தாளைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கூட்டிப் போட முடியாது. "பாட்டுக்குக் கேட்டீங்கன்னா பத்து. அன்னிக்குக் கூட்டின தரைக்கு நாலுதான்" என்றேன். விளக்குச் சூட்டில் வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

 சரி, வகுப்பு போயிற்று என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

மார்ச் 23, ஞாயிறு

ஒளிபரப்பு. இவரும் நானும் பார்த்தோம்.

தொகுப்பாளர் கேட்கிறார்: "என்ன மார்க் குடுப்பீங்க?" நான் சொல்கிறேன்: "பத்து." கண்ணாடியைக் கழற்றுகிறேன். கண்ணைத் துடைக்கிறேன். தம்பி அழுகிறான். வயலின்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ வேற மாதிரில்ல சொன்னே?"

மார்ச் 25, செவ்வாய்

நான் இப்போது அன்னை. தெய்வம். கண்டிப்புக்குள் கனிந்த உள்ளம். ஏழாம் வகுப்பில் ஸ்கேலால் அடிபட்ட தாடிக்காரர், அந்த அடிதான் தன்னை மனிதனாக்கியது என்று எழுதியிருக்கிறார். தம்பி தரை துடைக்கும் திரவ விளம்பரத்தில் நடிக்கிறான்.

நூலகர் அழைத்தார். சனிக்கிழமை வகுப்பு உண்டு.

பேசாமல் இருந்துவிட முடிவு செய்தேன். நான் பொய் சொல்லவில்லையே, அவர்கள்தானே வெட்டி ஒட்டினார்கள்? எழுதியதை இன்னொரு தடவை படிக்கிறேன். காப்பியடித்த பிள்ளை சொல்லும் சமாதானம் மாதிரியே இருக்கிறது.

மார்ச் 29, சனி

மாடி அறை. கரும்பலகை. மாதிரித் தேர்வு வைத்து அங்கேயே திருத்தினேன். லிஃப்ட்காரருக்கு முப்பத்தெட்டு. தேர்ச்சிக்கு நாற்பது.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் கெஞ்சுகிற ஆள் இல்லை. இன்று கெஞ்சினார்.

"ரெண்டு சேத்துப் போடுங்க டீச்சர். மாதிரித் தேர்வுதானே. வீட்டுல காட்டணும்."

"சேத்துப் போட்டா அது உங்க மார்க் இல்லையே."

"அந்தப் பாட்டுக்காரருக்குச் சேத்துப் போட்டீங்களே. ஆறு."

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். சலவை அம்மாள் தன் தாளைப் பார்த்தாள். ஐம்பத்தொன்று வாங்கியிருந்தாள், சற்றுமுன் சந்தோஷப்பட்டவள். இப்போது அந்த எண்ணை, கடைக்காரர் கொடுத்த கிழிந்த ரூபாய் நோட்டைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அங்கேயே உட்கார்ந்து, நடந்தது எல்லாவற்றையும் நாலு பேரிடமும் சொன்னேன். மேடையில் சொன்னது, வெட்டியது, நான் வாயை மூடிக்கொண்டது. "இதை வெளியில சொல்லப்போறேன். சொன்னா இந்த ரூம் போயிடும். உங்களைக் கேக்காம செய்ய மாட்டேன்."

அக்கா தங்கையைப் பார்த்தாள், தங்கை கூரையைப் பார்த்தாள். கடைசியில் லிஃப்ட்காரர்தான் பேசினார். "சொல்லிடுங்க டீச்சர். இல்லாட்டி நான் பாஸ் பண்ணாக்கூட எனக்கே நம்பிக்கை வராது."

மார்ச் 30, ஞாயிறு

அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து நோட்டை எடுத்து இவரிடம் கொடுத்தேன். "ஒரே ஒரு பதில். முகவரி, நேரம் எதுவும் போகக் கூடாது."

"தன்னிலை விளக்கம்" என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் எழுதினார். பதினேழு தடவை "மேற்படி" வந்தது. அடித்துவிட்டு இரண்டு வரி மிச்சம் வைத்தேன்: நான் பத்து கொடுக்கவில்லை. தரைக்கு நாலு, பாட்டுக்குப் பத்து என்றுதான் சொன்னேன்.

அனுப்பும் பொத்தானை இவர்தான் அழுத்தினார். 

ஏப்ரல் 1, செவ்வாய்

மறுபடியும் சூனியக்காரி. பதினேழாயிரம் இப்போது முப்பதாயிரம். பாதிப் பேர் இன்றைய தேதியைப் பார்த்து, நான் ஏமாற்று விளையாட்டு விளையாடுவதாக நம்பி அன்னை என்றே எழுதுகிறார்கள். மகள் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு, "சரிம்மா, நாலுன்னா நாலுதான்" என்றாள்.

நூலகர் ஃபோனில் நிறைய வருத்தப்பட்டார். அறைச் சாவியை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

லிஃப்ட்காரர் வேலை செய்யும் அடுக்குமாடிக் கட்டடத்தில், அடித்தளத்தில், லிஃப்ட் சாமான் வைக்கும் அறை. காவலாளியிடமும் மேலாளரிடமும் அவரே பேசி வாங்கியிருக்கிறார். மேலாளர் அவரிடம் தொழில் கற்ற பையனாம். சுவரில் கறுப்புப் பெயிண்ட் அடித்து ஒரு பலகை. இன்னும் ஈரம் காயவில்லை. என் புடவையில் ஒட்டிக்கொண்டது. உட்கார எண்ணெய் டின்கள். நாலு பேரும் வந்தார்கள். இவரும் வந்தார், வாசலில் நின்று வருகைப் பதிவேடு எழுத.

ஏப்ரல் 12, சனி

கடைசி மாதிரித் தேர்வு. அறையில் விசிறி இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலைக்கு மேல் லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தம். யாரும் தலை நிமிரவில்லை.

லிஃப்ட்காரருக்கு நாற்பத்து மூன்று. தாளைக் கையில் கொடுத்தேன். கூட்டுத்தொகையை விரல் வைத்து மேலிருந்து கீழே ஒருமுறை கூட்டினார். கீழிருந்து மேலே இன்னொருமுறை. பிறகு என்னைப் பார்த்தார்.

"இது நீங்க போட்டதுதானே டீச்சர்?"

"நான் போட்டதுதான்."

தாளை மடிக்காமல், இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.