மிதிபட்ட முக்காடு

கோலாலம்பூரில் படிக்கும் என் மூத்த பேரன் அனீஸுக்கு, மலைமேலிருந்து உன் பாட்டி தகிய்யா எழுதுவது. உன்மேல் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். நாங்கள் இருக்கிறோம். நலமா என்று மட்டும் கேட்காதே.

உன் தங்கை ருகையாவுக்குக் காய்ச்சல் வந்து இப்போது தேவலை. மழை பிந்திவிட்டது, நாம் இலை பறித்து மெல்லும் காத் செடிகள் சுருண்டு நிற்கின்றன. உன் தம்பி ரத்வானின் கபரில் கல் நட்டாயிற்று. உன் சித்தப்பா அப்து தினமும் துப்பாக்கியைத் துடைக்கிறான். சாப்பாட்டை மறந்தாலும் அதை மறப்பதில்லை.

நீ ருகையாவின் போனுக்கு அனுப்பிய பேச்சைக் கேட்டேன். ஆங்கிலத்தில் பேசிவிட்டால் கிழவிக்கு விளங்காது என்று நினைத்தாயாக்கும். நீ மேல்மாடியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய அத்தனை வருஷமும் நான் கீழே ரொட்டி தட்டிக்கொண்டுதானே இருந்தேன்? 'ட்ரைட் டு' என்று நீ கத்துவாய், ஒரு பயல் கதவைத் தள்ளித் தள்ளித் திறக்கப் பார்ப்பான். 'ரெஃப்யூஸ்ட் டு' என்பாய், இன்னொருவன் கையைக் கட்டிக்கொண்டு மாட்டேன் என்று நிற்பான். எல்லாரையும் விடச் சத்தமாகக் கத்துகிறவன் பக்கத்து நிலத்துக் காயித்தின் சின்ன மகன் ஷவ்கீ. முதல் சொல் நடந்து முடிந்துவிட்டது, 'டு'வுக்குப் பின்னால் இருப்பது நடந்ததா இல்லையா என்று தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நீ சொல்லிக்கொடுத்தது பிள்ளைகளுக்கு ஏறியதோ என்னவோ, ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு ஏறிவிட்டது.

அதனால்தான் போனில் உன் குரல் 'டிசைடட் டு' என்றதும் மாவில் என் கை நின்றுபோனது. அடுத்த சொல் தெரியவில்லை. ருகையாவிடம் கேட்டேன். "ஒண்ணுமில்ல பாட்டி, ஊருக்கு வர முடிவு பண்ணிட்டானாம்" என்றாள். "அண்ணன் வர்றதுக்கா இப்படி அழுவுறே?" என்றேன். அப்புறம் சொன்னாள். ஷவ்கீயைக் கொல்ல முடிவு செய்துவிட்டாய். டிக்கெட்டும் எடுத்துவிட்டாய்.

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைக் கோபத்தில் எறிந்தாலும் பிறகு எடுத்துப் படிக்கலாம். அதனால் எழுதுகிறேன். 'என் பாட்டியின் முக்காட்டை மிதித்துக்கொண்டு வந்து என் தம்பியைச் சுட்டவனை விடலாமா?' என்று கேட்டிருக்கிறாய். அப்படித்தான் நடந்தது என்று உனக்குச் சொன்னவன் அப்து. அப்படி நடந்திருந்தால் நானே உனக்குத் தோட்டா எடுத்து வைப்பேன். நடந்ததைக் கேள்.

அன்று ஊற்றுத் தண்ணீர் முறை நம்முடையது என்றான் ரத்வான். தன்னுடையது என்றான் காயித். காயித்தின் மூத்த மகன் ஹிஸாம் வாய்க்காலில் கல்லை வைத்து அடைத்தான். ரத்வான் அதை உதைத்துத் தள்ளினான். "உங்கண்ணன் வெளிநாட்டுல இங்கிலீஷ் பேசுறானே, அவனைப் பேசித் தண்ணிய வரவைக்கச் சொல்லேன்" என்று ஹிஸாம் சிரித்தான். "நாங்க தண்ணி கேட்டு வாங்குற சாதி. உங்கப்பன மாதிரி இருட்டுல மடை திருப்புற சாதி இல்ல" என்றான் ரத்வான். அதோடு வாய் நின்று கை ஓடியது.

ஹிஸாம் மண்வெட்டியைத் திருப்பி ரத்வானின் தோளில் போட்டான். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் களத்துமேட்டில் கேட்டது. ரத்வான் ஒரு கல்லை எடுத்து ஹிஸாமின் வாயில் அடித்தான். பல் ரத்தத்தோடு வாய்க்காலில் விழுந்தது. அப்து வீட்டு மாடியிலிருந்து சுட்டதில் காயித்தின் கழுதை முட்டி மடங்கிச் சரிந்தது. அது கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பக்கம் ஷவ்கீயும் காயித்தும் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்கள்.

நான் ஓடினேன். என் முக்காட்டை அவிழ்த்து, நரைத்த முடியை ஊரே பார்க்க, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் சேற்றில் வீசினேன். இந்த மலையில் ஒரு கிழவியின் முக்காடு விழுந்த இடத்தில் ஆயுதம் தாழ வேண்டும். தாழ்ந்தது. முதலில் தாழ்த்தியவன் காயித். ஹிஸாம் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். ஷவ்கீ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை என்னிடம் நீட்டி, "தலைய மூடிக்குங்க பாட்டி, எங்க மேல தப்புதான்" என்றான். நான் அதைத் தலையில் போட்டுக்கொண்டேன். முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ரத்வான்தான் நிற்கவில்லை அனீஸ். உடைந்த தோளோடு, நல்ல கையால் இடுப்பு ஜன்பியாக் கத்தியை உறையிலிருந்து உருவிக்கொண்டு, என் முக்காட்டின் மேல் கால் வைத்து ஓடினான். வெறுங்கையோடு நின்ற ஹிஸாமின் வயிற்றில் கத்தியைச் செருகிக் கிழித்தான். ஹிஸாம் சரிந்த குடலை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, களைத்தவன் உட்காருவது போல வரப்பில் உட்கார்ந்தான். "போதும்டா, ரத்வான், போதும்டா" என்று கத்தினேன். மறுபடி குத்தினான். இன்னொரு தரம் கை ஓங்கியபோதுதான் ஷவ்கீ துப்பாக்கியை எடுத்தான். கழுத்தில் பட்டது. என் மடியில் வந்து விழுந்த பிள்ளை ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ரத்தம்தான் வந்தது. என் விரலை அந்த ஓட்டையில் வைத்து அடைக்கப் பார்த்தேன். அடைபடவில்லை.

ஹிஸாம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டியிலேயே இறந்துபோனான். இதையும் அப்து உனக்குச் சொல்லியிருக்க மாட்டான். அவர்கள் வீட்டில் ஒரு கபர், நம் வீட்டில் ஒரு கபர். ரத்தத்துக்கு ரத்தம் சரியாகிவிட்டது, இனி யாருக்கும் யார்மேலும் பாக்கியில்லை. அது பொறுக்காமல்தான், மறுபடி பழி வாங்க ஒரு சாக்குக்காக, முக்காட்டை மிதித்தது அவர்கள் கால் என்று அப்து கதை கட்டினான்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பெரியவர்கள் கூடுகிறார்கள். நான் எழுந்து இதைச் சொல்லப் போகிறேன். அப்துவிடமும் சொல்லிவிட்டேன். "வீட்டு மானத்தை நீயே சந்தைக்குக் கொண்டு போறியாம்மா?" என்று குதித்தான். "மானத்தை யார் சேத்துல மிதிச்சான்னு பார்த்தவ நான்டா. நீ மாடியில துப்பாக்கிக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தே" என்றேன். அதன்பிறகு என்னோடு பேசுவதில்லை. ருகையா என் பக்கம். அவள் உன்னைப் போலவே பிடிவாதக்காரி, எனக்குப் பெருமைதான்.

நீ என்னை நம்பாவிட்டாலும் பரவாயில்லை. லீவு முடிந்து கோலாலம்பூருக்குத் திரும்பும் நம்மூர்ப் பையன் முராத்தின் கையில் அந்த முக்காட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். துவைக்கவில்லை. சேற்றுத் தடம் காய்ந்து அப்படியே இருக்கிறது. உற்றுப் பார், மீன்முள் போலக் கோடுகள், குதிகாலில் ஒரு நட்சத்திரம். போன பெருநாளுக்கு நீ தம்பிக்கு வாங்கி அனுப்பிய ஷூவின் அடிப்பாகம் உனக்கு மறந்திருக்காது. இங்கே மற்ற எல்லாருக்கும் டயர் செருப்புதான்.

அனீஸ், நீ முடிவு செய்தது நடந்து முடிந்துவிட்டது. அதை நான் அழிக்க முடியாது. ஆனால் அதற்குப் பின்னால் நீ சொன்ன சொல் இன்னும் நடக்கவில்லை. இந்த முக்காட்டை உன் அறை வாசலில் விரித்துப் போடு. நான் அங்கே நின்று, தலை திறந்து, உனக்கும் ஷவ்கீக்கும் நடுவில் வீசியதாக நினைத்துக்கொள். துப்பாக்கி எடுக்க ஊருக்கு வருவதென்றால் இதன்மேல் கால் வைத்துத்தான் வர வேண்டும். என் ஒரு பேரன் மிதித்துப் போனதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

படித்து முடித்து, வெறுங்கையோடு வா. உன் தலைமேல் கை வைத்துத் துஆ செய்கிறேன். நான் இன்னும் வேறு முக்காடு வாங்கவில்லை. உன் பதில் வரும்வரை ஷவ்கீ கொடுத்த துண்டுதான் என் தலையில் இருக்கும்.

இப்படிக்கு,
உன் வழியில் நிற்கும்
பாட்டி தகிய்யா