ஊசியில்லாத கிளை

வெலிங்டன்,
புதன்கிழமை

நெல்லியாளத்தில் இருக்கும் உங்களுக்கு,

உங்கள் போன்சாய் பைன் மரம் தொட்டியில் நன்றாக இருக்கிறது. பழைய ஊசியிலைகளைக் கையால்தான் பிடுங்குகிறேன். கத்தரி பட்டால் நுனி கருகும் என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை.

நம் வேணி நேற்று வந்தாள், மாப்பிள்ளை இல்லாமல் தனியாக. நல்ல வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. போனில் அவளிடம், “கொஞ்சம் அனுசரிச்சுப் போ” என்றீர்களே, நான் பேசுவதற்குள் வைத்தும் விட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். போனை வைத்ததும் அவள் நேரே அந்தத் தொட்டி முன்னால் உட்கார்ந்து ஒரு கிளையின் ஊசிகளை ஒன்றுவிடாமல் பிடுங்க ஆரம்பித்தாள்.

“நுனியில ஒரு கொத்தாவது உடு அம்மணி. மொட்டையாக்கினா அந்தக் கிளை செத்துப்போகும்னு அப்பா சொல்லுவாரல்ல” என்றேன்.

“மரத்துக்குன்னா அப்பாவுக்குத் தெரியுதும்மா” என்றாள்.

கடைசிக் கொத்துக்குக் கை நீட்டியபோது ஸ்வெட்டர் முழங்கை வரை மேலேறியது. பார்த்ததை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அவளைக் கூட்டிப்போக வருகிறாராம். கதவைத் திறக்க மாட்டேன். சமாதானம் சொல்லி அவளை அனுப்பிவைக்கத்தான் நீங்களும் வருகிறீர்கள் என்றால், உங்களுக்கும் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா