தண்ணீர் லோரிக்கு முன்னால் நின்ற அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை குழாயைத் திறந்தபோது முதலில் காற்றுதான் வந்தது. பிறகு இரண்டு தடவை இருமிவிட்டு, தேநீர் நிறத்தில் தண்ணீரைக் கொட்டியது. குளியலறை முழுக்கத் துரு வாடை. "கொஞ்ச நேரம் ஓட வுடுங்க, தெளிஞ்சிரும்," என்று சொல்லிவிட்டு என் மனைவி சமையலறைக்குப் போய்விட்டாள். நான் குழாயை மூடவும் இல்லை, முகம் கழுவவும் இல்லை. தண்ணீர் நின்று மறுபடி வரும் நாள்களிலெல்லாம் எனக்கு இப்படித்தான் ஆகிறது. அந்த வாடையோடு நீ வந்துவிடுகிறாய்.

லாயாங் லாயாங் ஊருக்கு வெளியே செம்பனையை அழித்து நிலத்தைச் சமப்படுத்தியபோது, அங்கே என்ன வரப்போகிறது என்று நம் தாமான் குடியிருப்பில் ஒருவருக்கும் தெரியாது. டேட்டா சென்டர் என்றார்கள். "கம்ப்யூட்டருக்கு வீடு கட்டுறாங்களாம்," என்று நீதான் எல்லாருக்கும் விளக்கம் சொன்னாய். அப்போது நான் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, எல்லைப் பாலத்தில் புகையைக் குடித்துக்கொண்டு வரிசையில் நின்று, இருட்டிய பிறகு வீடு திரும்புவேன். உன் சிறுநீரகம் பழுதானதிலிருந்து, குளுவாங்கில் இருந்த டயாலிசிஸ் மையத்துக்கு நீ தனியாக பஸ் பிடித்துப் போய்க்கொண்டிருந்தாய். திரும்பும்போது தலை சுற்றி பஸ் நிலையத்திலேயே படுத்துவிட்டதை ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கட்டடத்தில் எனக்குக் குளிரூட்டும் பிரிவில் வேலை கிடைத்தது. சூடாகும் கம்ப்யூட்டர்களைத் தண்ணீரால் குளிரவைக்கும் இயந்திரங்களைக் கவனிக்கும் வேலை. முதல் நாள் சீருடையோடு வந்து நின்ற என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். "இனிமே பாலம் தாண்ட வேணாம் லா," என்றாய். அதன் பிறகு உன்னைக் குளுவாங்குக்கு நானே காரில் அழைத்துப் போனேன். அந்த வேலை இல்லையென்றால் அந்தப் பயணங்களும் இல்லை. இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

அந்த இடத்தைப் பற்றி யாராவது குறை சொன்னால் நீ விடமாட்டாய். மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் முணுமுணுத்தபோது வேலியருகில் நின்றே சண்டைக்குப் போனாய். "நம்ம புள்ளைங்களுக்கு வேலை வேணுமா, வேணாமா? எல்லாரும் சிங்கப்பூருக்கே ஓடணுமா?" சூப்பர் மார்க்கெட்டில் வருஷக்கணக்காகக் கல்லாவில் உட்கார்ந்திருந்த குரல் உனக்கு. அவர் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த இயந்திரங்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கின்றன என்பது எனக்குத் தெரிந்திருந்தும் பெருமையாகத்தான் இருந்தது.

மழை பொய்த்த அந்த மாதங்களில் முதலில் நின்றது நம் தாமானின் தண்ணீர். பிறகு டயாலிசிஸ் மையம் இருந்த தெருவிலும் நின்றது. எங்கள் கட்டடத்தால்தான் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லவும் யாருக்கும் தைரியமில்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று அறிவிப்பு வந்தது. அதுவும் உண்மைதான். ஒருநாள் உன்னை அழைக்க நான் மையத்துக்கு வந்தபோது நீ நேரத்துக்கு முன்பே வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். தொட்டியில் இருப்பதை எல்லாருக்கும் பங்கு வைக்க வேண்டியிருப்பதால் பாதியிலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டதாக நர்ஸ் மிஸ்ஸி சொன்னார். "அடுத்த தடவை முழுசா செய்யலாங்க, இன்னிக்கு மட்டும் தண்ணி, உப்பு ரெண்டுமே கம்மியா பாத்துக்குங்க," என்றார். உன் கால்கள் வீங்கியே இருந்தன. வீட்டில் உன்னை இறக்கிவிட்டு வேலைக்குப் போனேன். எங்கள் தொட்டிகள் நிரம்பியிருந்தன. அளவுமானியில் முள் அசையாமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை.

மறுநாள் மேலாளரிடம் போனேன். மையத்துக்கு ஒரு லோரி தண்ணீர் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். என் அக்கா அங்கேதான் போகிறாள் என்றும் சொன்னேன். அவர் நல்ல மனிதர். உடனே சம்மதித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

மையத்து வாசலுக்கு லோரி வந்தபோது அதன் பக்கவாட்டில் பேனர் கட்டியிருந்தது. பின்னாலேயே ஒரு காரில் புகைப்படக்காரர் வந்தார். நோயாளிகளில் யாராவது ஒருவர் லோரிக்கு முன்னால் நின்றால் நன்றாயிருக்கும் என்றார்கள். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன். நான் ஒன்றும் கேட்பதற்குள் நீயே எழுந்துவிட்டாய். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து உதட்டுச் சாயம் பூசிக்கொண்டாய். வெயிலில், வீங்கிய காலோடு, அவர் "இன்னொன்னு, இன்னொன்னு" என்று கேட்கக் கேட்க நின்றாய். கடைசியில் லோரியின் குழாயைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொன்னார்கள். அதற்கும் சிரித்தாய்.

காரில் கொஞ்ச தூரம் வந்ததும் கேட்டாய்.

"தம்பி, படத்துல நான் நல்லா சிரிச்சேனா?"

"நல்லாத்தான் சிரிச்ச, அக்கா."

"அப்போ சரி. உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது."

அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. எனக்காகத்தான் எழுந்திருக்கிறாய். சிக்னலில் வண்டி நின்றபோது மறுபடி கேட்டாய். "அந்த பேனர்ல என்னா எழுதியிருந்திச்சி? வெயில்ல எனக்குக் கண்ணு தெரியல."

"சமூகத்துக்கு எங்கள் அன்பளிப்பு."

"எது? தண்ணியா?"

பச்சை விழுந்தது, நான் வண்டியை எடுத்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். வீடு வரும்வரை உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

சில மாதங்கள் கழித்து நீ போய்விட்டாய். இதயம் என்றார் மருத்துவர். அந்த ஒருநாள் சிகிச்சை குறைந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் கேட்காமலேயே சொன்னார். நம்புகிறேன். நம்பாவிட்டால் மறுநாள் வேலைக்குப் போயிருக்க முடியாது. நீ சிரிக்கும் அந்தப் படத்தை கம்பெனி வரவேற்பறையில் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். தினமும் அதைக் கடந்துதான் உள்ளே போகிறேன். எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அக்காவின் படத்தை எடுக்கச் சொல்வதா என்று ஒரு நினைப்பு. அந்தச் சுவரிலா அது தொங்க வேண்டும் என்று இன்னொன்று.

போன மாதம் ஆப்பிரிக்க நாடு ஒன்றிலிருந்து விருந்தினர்கள் வந்தார்கள். அவர்கள் நாட்டிலும் இதுபோல் கட்டப் போகிறார்களாம். மின்சாரத் துறையைச் சேர்ந்த ஒரு பெண்மணி, ஏறக்குறைய உன் வயது. கூரையில் இருக்கும் சூரியத் தகடுகளை மேலாளர் காட்டி முடித்ததும், அவர் என் பக்கம் திரும்பி, "இதில் எவ்வளவு ஓடும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கார் நிறுத்துமிடத்து விளக்குகளும் ஆபீசும் ஓடும் என்றேன். மற்றதற்கு? நாட்டு மின்கம்பியிலிருந்து வருகிறது, அதில் பெரும்பங்கு நிலக்கரி, அதுவும் கப்பலில் வருவது என்றேன். மேலாளர் தொண்டையைச் செருமினார்.

அந்த அம்மாள் அதிர்ச்சியடைவார் என்று நினைத்தேன். அவர் தலையாட்டினார். "எங்களுக்குக் காலுக்கடியிலேயே நிலக்கரி இருக்கிறது. அதைத் தோண்டாதே என்று சொல்கிறவர்களே வந்து இதைக் கட்டித் தா என்றும் கேட்கிறார்கள்," என்றார். பிறகு, "உங்கள் ஊர்க்காரர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார்.

அப்போதுதான் சொன்னேன். தண்ணீர் நின்றதை, உனக்குப் பாதியில் இயந்திரத்தை நிறுத்தியதை, எங்கள் தொட்டிகள் நிரம்பியிருந்ததை. எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

"அக்கா இப்போது எப்படி இருக்கிறார்?"

"இல்லை," என்றேன்.

அவர் என் தோளைத் தொட்டார். "நான் இதை என் அறிக்கையில் எழுதுவேன். ஆனால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இயந்திரத்தை ஓட்டக் கரண்டே கிடையாது. அதையும் சேர்த்துத்தான் நான் யோசிக்க வேண்டும்," என்றார். மேலாளர் அவர்களை அடுத்த அறைக்கு அழைத்துப் போனார்.

உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று அன்று மதியம் வரை நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் செம்பனைகளுக்கு நடுவே வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் உன்னை லோரிக்கு முன்னால் நிறுத்தினார்கள். நான் விருந்தினருக்கு முன்னால் நிறுத்தினேன். உன்னை இரண்டு பேருமே கேட்கவில்லை. வேலியருகில் நின்று நீ போட்ட சண்டையை நான் அவரிடம் சொல்லவில்லை. இந்த வேலையால்தான் உன் பஸ் பயணம் நின்றது என்பதையும் சொல்லவில்லை. பாதி சிகிச்சையில் விடப்பட்ட ஒரு நோயாளியாக மட்டும் உன்னைச் சொல்லி, எனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டேன். வெயிலில் நீ நின்றபோது எரிந்ததைவிட அன்று எனக்கு அதிகமாக எரிந்தது.

இப்போது இரண்டாவது கட்டடம் வரப்போகிறது. நாளை மாலை பாலாய் ராயா பொதுமண்டபத்தில் ஊர்க்கூட்டம். உள்ளூர்க்காரன், தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பேசுகிறவன் என்பதால், மேடையில் தங்களோடு உட்காரச் சொன்னார் மேலாளர். வரமாட்டேன் என்றேன். "ஏன்?" என்று கேட்டார். நான் இந்த ஊரில் குடியிருப்பவன், கீழேதான் உட்காருவேன் என்றேன். அவர் மேடைப் பட்டியலில் என் பேரை அடித்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அடுத்த மாதம் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது தெரியும். மறுபடி பாலம் தாண்ட வேண்டி வரலாம். இந்த வயதில் மோட்டார் சைக்கிள் முதுகுக்கு ஒத்துக்கொள்ளாது.

கட்டடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. அதில்தான் சாப்பிடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கப் போகிறேன். ஆறு வற்றும்போது முதலில் யாருடைய குழாயை மூடுவீர்கள்? அதை இப்போதே எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் என்று கேட்கப் போகிறேன். உன் பேரை எடுக்கமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தாலும் பேச்சை மாற்றிவிடுவேன்.

அந்தக் கேள்வியைச் சொல்லிப் பார்க்கும்போதே பாதியில் நிறுத்திவிடுகிறேன், அக்கா. வெட்கத்தால்தான் என்று எழுத ஆசை. பயமும்தான்.