உட்கார்ந்து செய்யும் வேலை

வீரபாண்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சசிகுமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை தேஜுவும் சௌக்கியம். ஊத்துக்குளித் தாய்வீட்டில் உன் மனைவி அனுப்ரியாவும் மகளும் எங்களைவிடச் சௌக்கியம், அதிலும் உன் மகள் பிறந்த இருபத்திரண்டு நாளில் கழுத்தே தெரியாத அளவுக்குச் சதை போட்டுவிட்டாள். நீயும் அங்கே எத்தியோப்பியாவில் வேளைக்குச் சாப்பிட்டுச் சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். பக்கத்துத் தெருத் தீனதயாளன் புதன்கிழமை விமானம் ஏறி நீ வேலை பார்க்கிற தையல் கம்பெனிக்கே வருகிறான், அவனிடம் உன் மாமியார் காய்ச்சிய நெய்யும் பருப்புப் பொடியும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஒரு விஷயம் சொல்ல வேண்டும், போனில் உன் முகத்தைப் பார்த்ததும் வாய் வருவதில்லை. அதனால் நான் சொல்லச் சொல்லத் தேஜு எழுதுகிறாள். பதினொன்றாம் வகுப்பு வந்ததிலிருந்து என் பேச்சை அப்படியே எழுதுவதில்லை, எல்லாவற்றையும் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள், ஆனால் ஒன்றையும் விடமாட்டாள், அது எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். அனுப்ரியாவுக்கு நாலாம் மாதம் நடந்தபோது அவள் எங்கள் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தையல் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள் அல்லவா, நாள் முழுக்க மெஷின் அதிரும், பெடலை மிதித்து மிதித்துக் கால் வீங்கிப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை. சூப்பர்வைசர் சீனிச்சாமியிடம் போய், என் மருமகளுக்குப் பெடல் மிதிக்காமல் உட்கார்ந்து செய்கிற மாதிரி லேசான வேலையாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் மதுரைப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், அதுக்கென்னக்கா, கறை எடுக்கிற ரூம்ல போட்டுருவோம், காலுக்கு வேலையே கிடையாது என்றார். பனியனில் எண்ணெய்க் கறை பட்டால் கெமிக்கலைத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியில் ஊற்றிப் பீய்ச்சி எடுப்பார்களே, அந்த ரூம். தூசி வரக்கூடாது என்று கதவு சாத்தியிருக்கும், பீய்ச்சுவது சிதறும் என்று ஃபேனும் போட மாட்டார்கள். நான் வயிற்றில் உன்னைச் சுமந்தபோது ஊரில் இருந்தேன், தேஜுவைச் சுமந்தபோது இதே ரூமில் இருந்தேன், அதனால் எனக்கு அது பழகின இடம். மருமகளுக்கு நல்லது செய்துவிட்டேன் என்று நான் வேலை பார்க்கிற செக்கிங் டேபிளில் எல்லோரிடமும் பெருமை வேறு பேசினேன். ஒரு வாரத்தில் அவளுக்குத் தலைவலி, சாயங்காலமானால் கிறுகிறுப்பு. தலப்புள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் கண்ணு, சுக்குக் காப்பி குடி என்று சொல்லிவிட்டேன். இப்படி ஆறு வாரம்.

அந்த ரூமில் காலியான கெமிக்கல் கேன் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன், வாயை வெட்டிக் கறிவேப்பிலைக் கன்று வைக்கலாம் என்று. கழுவச் சொன்னால் உன் தங்கை அதில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் சீட்டைப் படிக்க உட்கார்ந்துவிட்டாள், அவளுக்குத்தான் எழுத்து எதைக் கண்டாலும் விடத் தெரியாதே. அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துவிட்டு ஓடிவந்து, அம்மா, இதோட ஆவிய மாசமா இருக்கறவங்க சுவாசிக்கக் கூடாதாம், வயித்துல இருக்கற குழந்தைக்குக் கெடுதியாம், அண்ணியை நாளைக்கே அங்கிருந்து கூட்டிட்டு வா என்றாள். எனக்குக் கோபம் வந்தது. படிச்ச திமிரா, நானும் அங்கதான் வேலை பாத்தேன், நீ பொறக்கலையா என்று கத்தினேன். அவள் கேனைக் கீழே வைத்துவிட்டு, பொறந்தேம்மா, எட்டாம் மாசத்துல என்றாள். புத்தகம் படிக்க அவசரப்பட்டு வந்துவிட்டாள் என்று நாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்போமே சசி, அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலையில் நானே கேனைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்து நர்ஸ் கலைமகளிடம் போனேன். இது போன்ற கெமிக்கலை நாள் கணக்கில் சுவாசித்தால் குறை மாதத்தில் பிரசவமாக வாய்ப்பு கூடும் என்கிறார்கள், ஆனால் உங்கள் பெண்ணுக்கு இதனால்தான் ஆனது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, நடந்ததை விடுங்கள், உங்கள் மருமகளை இன்றைக்கே வெளியே கொண்டுவாருங்கள் என்றார். (அண்ணா, இது தேஜு. நான் எட்டாம் மாதத்தில் பிறந்ததற்கு எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, அம்மாதான் அன்று சோறு தின்னவில்லை.)

சீனிச்சாமி முதலில் சிரித்தார், என்னக்கா, இம்புட்டு வருசமா யாரும் சொல்லாததை உங்க வீட்டுப் பாப்பா சொல்லுதாக்கும் என்றார். கேனைத் திருப்பி எழுத்தைக் காட்டினேன். அவர் மகளும் மாசமாக இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், முகம் மாறிவிட்டது. அன்றைக்கே அனுப்ரியாவைத் துணியில் நூல் பிசிறு வெட்டும் இடத்துக்கு மாற்றினார், அதுவும் உட்கார்ந்து செய்கிற வேலைதான், ஜன்னல் ஓரம். அந்த மாதமே ரூமுக்குப் புகை இழுக்கும் ஃபேனும் வைக்கச் செய்தார். நான் எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தேன். முப்பத்தொன்றாம் வாரம் அவளுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. ரத்தம் குறைவு, நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று உன்னிடம் சொன்னோமே, அது பொய் கண்ணு. குழந்தை வந்துவிட்டால் மூச்சு விட வேண்டுமே என்று நுரையீரலுக்கு ஊசி போட்டார்கள், வலி நிற்க மருந்து கொடுத்தார்கள். நான் வராண்டாவில் உட்கார்ந்து, முருகா, கேட்டு வாங்கிக் கொடுத்தது நான், என்னைக் கேள், குழந்தையைக் கேட்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் வலி நின்றது.

அதற்குப் பிறகு நம் வீட்டில் நடந்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முப்பத்தேழு வாரம் தாண்டினால் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், பஸ்ஸில் போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டார், அதனால் உன் மாமியார் எருமையை அக்கம்பக்கத்தில் ஒப்படைத்துவிட்டு இங்கேயே வந்துவிட்டார். வளைகாப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் வளையல் போட்டுவிட்டு வயிற்றைப் பார்த்து, சாமி, அவசரப்படாதே, மெதுவா வா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தேஜு கேலண்டரில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாரத்தை எழுதினாள். முப்பத்தேழு வந்தது, அப்பா ஜிலேபி வாங்கி வந்தார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பதும் வந்தது, உன் மகள் அசையவே இல்லை. அப்பா, எல்லாருமாச் சேந்து புள்ளையப் பயமுறுத்தி வெச்சிருக்கறீங்க, யாராவது ஒருத்தர் வரச் சொல்லுங்க என்று சத்தம் போட்டார். அனுப்ரியா சிரித்த சிரிப்பில்தான் வலியே பிடித்தது என்று உன் மாமியார் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டிருக்கிறார். குறித்த தேதிக்கு இரண்டு நாள் கழித்து, மூன்று கிலோ இருநூறு கிராம். நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்தபோது அவள் போட்ட சத்தத்தைக் கேட்டு, அந்த நுரையீரலுக்கு ஊசியே வேண்டியிருக்கவில்லை என்று தேஜு சொன்னாள், எனக்கோ அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

போன வாரம் ஊத்துக்குளிக்குப் போயிருந்தேன். குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு, அனுப்ரியாவிடம் எல்லாவற்றையும் என் வாயால் சொன்னேன், நானாகக் கேட்டு உன்னை அங்கே உட்கார வைத்தேன் என்று. எனக்குத் தெரியுமுங்கத்தை, சீனிச்சாமி அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டாருங்க, நீங்க என் கால் வீங்குனதைப் பாத்துத்தானுங்க கேட்டீங்க என்றாள். பிறகு, உங்க பையங்கிட்ட மட்டும் நீங்களே சொல்லீருங்க, நான் சொன்னா எனக்குக் கோள் சொல்றாப்பல இருக்கும் என்றாள். அவள் மனசு எனக்கு வராது. அதனால்தான் இந்தக் கடிதம். திட்டுவதாக இருந்தால் போனில் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

நெய்யைப் பெட்டிக்குள் நிமிர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன், பிரித்ததும் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்று. மறக்காமல் இன்னொன்று செய். உன்னிடம் இருநூறு பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று சொன்னாய். அவர்களில் மாசமாக இருப்பவள் கால் வலிக்கிறது என்றால் கட்டாயம் இடம் மாற்றிக் கொடு, ஆனால் மாற்றும் முன் அந்த ரூமுக்குள் நீ போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார், கேனில் என்ன எழுதியிருக்கிறது என்று படி. அங்கேயும் அவளுக்காகக் கேட்டு வருகிற மாமியார் ஒருத்தி இருப்பாள், அவளுக்கும் இதை எடுத்துச் சொல், திட்டாமல் சொல்.

முருகன் துணையோடு நீயும் உன் மனைவியும் மகளும் நூறாண்டு நிறைவாக இருக்க வேண்டும்.

அன்புடன் ஆசீர்வதிக்கும் அம்மா,
சாரதாமணி

(எழுதியவள் தேஜஸ்ரீ. அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.)